எனக்கு என்னும் வேற்றுமை: குறைந்தபட்சத் தன்னிலையும் உடல் அனுபவமும்

தன்னிலை என்ற ஒரே சொல்லால் வெவ்வேறு பொருள்கள் குறிக்கப்படுவதால், அதைப் பற்றிய விவாதங்கள் பலவும் ஒன்றையொன்று தொடாமலே கடந்துபோகின்றன. ஒருவர் தம் ஊர், பெற்றோர், கல்வி, தொழில், பட்ட அவமானம், அடைந்த பெருமை ஆகியவற்றைக் கோத்துத் தம்மை இன்னார் என்று சொல்லிக்கொள்ளும்போது பேசப்படுவது ஒரு வகைத் தன்னிலை. இருட்டில் முழங்கால் கட்டிலில் இடித்துக்கொண்ட கணத்தில், பெயரும் ஊரும் நினைவுக்கு வருவதற்கு முன்பே, அந்த வலி தமக்கு நேர்கிறது என்பது எந்த யோசனையும் இன்றி விளங்கிவிடுவதில் இருப்பது வேறொரு வகை. மெய்யியலாளர் ஷான் கேலகர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் முதலாவதைக் கதைவழித் தன்னிலை என்றும், இரண்டாவதைக் குறைந்தபட்சத் தன்னிலை என்றும் பிரித்துக் காட்டினார். நினைவு, மொழி, எதிர்காலத் திட்டம், பிறர் தரும் அடையாளம் ஆகிய அனைத்தையும் கழித்த பின்னும், நடந்துகொண்டிருக்கும் ஓர் அனுபவத்தின் மையமாக எஞ்சி நிற்கும் உடனடித் தன்னுணர்வே குறைந்தபட்சத் தன்னிலை எனப்படுகிறது.

இந்த எளிய தன்னுணர்வுக்குள்ளும் கேலகர் இரண்டு கூறுகளைப் பிரித்தார். மேசைமேல் இருக்கும் குவளையை எடுக்கக் கை நீளும்போது, நீளும் கை தன்னுடையது என்ற உணர்வும், அதை நீட்டுபவர் தாமே என்ற உணர்வும் ஒன்றாகக் கலந்தே இருப்பதால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். ஆனால் நெரிசலில் யாரோ முழங்கையைத் தட்டிவிட, கை முன்னே போய் எவர்மீதோ இடித்துவிட்டால், அசைந்தது தன் கைதான் என்பதில் ஐயமில்லை என்றாலும் அதை அசைத்தவர் தாம் அல்லர் என்பதும் உடனே தெரிகிறது. முதலாவதைக் கிழமையுணர்வு என்றும், இரண்டாவதை வினைமுதலுணர்வு என்றும் தமிழில் அழைக்கலாம். கிழமை என்பது உரிமைப் பொருளுக்கும், வினைமுதல் என்பது செயலைச் செய்பவருக்கும் தமிழிலக்கணம் நெடுங்காலமாக வழங்கிவரும் பெயர்கள்.

இலக்கணத்தின் உதவி இதோடு நிற்பதில்லை. தமிழில் நடப்பவரும் எழுதுபவரும் 'நான்' என எழுவாயாக நிற்கின்றனர். உறுப்பைச் சொல்லும்போது 'என் கை' என ஆறாம் வேற்றுமை வருகிறது. பசி, வலி, குளிர், அரிப்பு ஆகியவற்றைச் சொல்லும்போதோ மொழி வேறொரு வழியில் செல்கிறது. 'நான் பசிக்கிறேன்' என்று எவரும் சொல்வதில்லை. எனக்குப் பசிக்கிறது, எனக்குக் குளிர்கிறது என்றே சொல்கின்றனர். நான்காம் வேற்றுமைக்கு மரபிலக்கணம் சொல்லும் அடிப்படைப் பொருள் கோடல், அதாவது ஏற்றுக்கொள்ளுதல். பசிப்பவர் பசியைச் செய்பவர் அல்லர், அது வந்துசேரும் இடமாக இருப்பவர். மேலும், ஆறாம் வேற்றுமையின் கிழமைப் பொருளை நன்னூல் தற்கிழமை, பிறிதின்கிழமை என இரண்டாக வகுத்து, பிரிக்க இயலாத உறுப்பைத் தற்கிழமையில் வைக்கிறது. 'என் கை' தற்கிழமை; 'என் வீடு' பிறிதின்கிழமை. இலக்கணம் உளவியலுக்குச் சான்றாகாது என்பதையும், வேறு மொழி பேசுவோருக்கும் பசி ஒரே விதமாகவே எடுக்கிறது என்பதையும் மறக்கலாகாது. ஆயினும் மேலைத் தோற்றப்பாட்டியலாளர்களே, குறிப்பாக ஹுசர்லைப் பின்பற்றி எழுதிய ராபர்ட் சோகலோவ்ஸ்கி, பொருள்கள் எவருக்குத் தோன்றுகின்றனவோ அவரைத் தோற்றத்தின் நான்காம் வேற்றுமை என்று குறிப்பிட்டிருப்பதால், இந்தக் கருவியைக் கையாள்வதில் வலிந்து பொருத்துதல் எதுவும் இல்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த டான் சஹாவி குறைந்தபட்சத் தன்னிலையை இந்த 'எனக்கு' என்ற கூறோடுதான் அடையாளப்படுத்துகிறார். அவர் கருத்தில் தன்னிலை என்பது அனுபவங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஒரு பொருள் அன்று. எந்த அனுபவமும் எவருக்கோ நிகழ்வதாகவே நிகழ்கிறது என்ற அமைப்பே அது. சிட்னி ஷூமேக்கர் 1968ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையும் இதே இடத்தை வேறு பக்கத்திலிருந்து தொடுகிறது: கண்ணாடியில் தெரியும் கையைத் தன் கை என்று ஒருவர் தவறாக எண்ணிவிடலாம், ஆனால் வலியை உணர்ந்துகொண்டே, வலிப்பது உண்மையில் தமக்குத்தானா, வேறொருவருக்கா என்று ஐயுறுவதற்குப் பொருளே இல்லை. இதற்கு நேரெதிராக, ஜெர்மானிய மெய்யியலாளர் தாமஸ் மெட்சிங்கர் 2003இல் வெளியிட்ட பெருநூலில், தன்னிலை என்று எதுவும் எவரிடமும் ஒருபோதும் இருந்ததில்லை என்றும், மூளை தனக்காகக் கட்டிக்கொள்ளும் ஒரு மாதிரியை அது மாதிரி என்று உணராமல் மனிதர் தாமாகக் கொள்கின்றனர் என்றும் வாதிட்டார். கடந்த முப்பது ஆண்டுகளில் உடலனுபவத்தின்மீது நடத்தப்பட்ட ஆய்வுகள் மெட்சிங்கரின் பக்கத்துக்கே வலுச்சேர்க்கின்றன என்ற எண்ணம் பரவலாக உண்டு. அந்த ஆய்வுகளைச் சற்று நிதானமாகப் படித்தால், அவை ஆட்டிவைப்பது 'என்' என்ற கிழமையைத்தான், 'எனக்கு' என்பதை அன்று என்பது தெரியும்; அதே சமயம், அந்த 'எனக்கு' சஹாவி விவரிப்பதுபோல் வெறும் வடிவம் மட்டுமே அன்று, அதற்கும் சதையும் நரம்பும் உண்டு என்பதும் தெரியவரும்.

இவற்றுள் மிகவும் புகழ்பெற்றது, மாத்யூ பாட்வினிக், ஜொனாதன் கோஹன் ஆகிய இருவரும் 1998ஆம் ஆண்டில் 'நேச்சர்' இதழில் ஒரே பக்க அளவில் வெளியிட்ட ரப்பர் கை ஆய்வு. பங்கேற்றவரின் இடக்கை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைக்கப்பட்டு, அவர் கண்முன்னே ரப்பராலான ஓர் இடக்கை வைக்கப்பட்டது. மறைந்திருக்கும் கையையும் ரப்பர் கையையும் இரண்டு சிறு தூரிகைகளால் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் வருடியபோது, சில நிமிடங்களில் பலரும் தூரிகையின் தொடுகையை ரப்பர் கை இருக்கும் இடத்திலேயே உணர்வதாகவும், அது தம் சொந்தக் கை போலவே தோன்றுவதாகவும் தெரிவித்தனர். கண்ணை மூடிக்கொண்டு இடக்கை இருக்கும் இடத்தைச் சுட்டச் சொன்னபோது அவர்கள் சுட்டிய இடம் ரப்பர் கையின் பக்கமாக நகர்ந்திருந்தது. வருடல்கள் நேரம் பிசகி நடந்தபோது இந்த விளைவு மங்கியது. தொடுகை, பார்வை, மூட்டும் தசையும் தரும் இடவுணர்வு ஆகிய மூன்றும் முரண்படும்போது, மூளை பார்வைக்கு முதலிடம் தந்து, கிடைக்கும் செய்திகளுள் மிகப் பொருத்தமான ஒரு தீர்வை எட்டுகிறது. அந்தத் தீர்வின் ஒரு பகுதியாகவே 'என் கை' என்ற உணர்வு விளைகிறது என்பதே இதன் சாரம்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, கை இழந்தவர்களின் மாய உறுப்பு வலியைக் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டு ஆராய்ந்து உலகப் புகழ் பெற்ற வி. எஸ். ராமச்சந்திரன், கேரி ஆர்மெலுடன் இணைந்து 2003இல் இந்த ஆய்வை இன்னும் ஓரடி முன்னே கொண்டுசென்றார். ரப்பர் கையின் விரலை வலிக்கும்படி பின்னுக்கு வளைத்தபோது பங்கேற்றவர்களின் தோலில் அச்சத்தால் எழும் மின்கடத்துகை மாற்றம் தென்பட்டது. கையின் வடிவம் சிறிதும் இல்லாத மேசைப் பரப்பை வருடியபோதும் இத்தகைய ஒரு விளைவு காணப்பட்டதாக அவர்கள் தெரிவித்தனர். மனோஸ் சகிரிஸ், பேட்ரிக் ஹாகர்ட் ஆகியோர் 2005இல் செய்த ஆய்விலோ, மரக்குச்சி வைக்கப்பட்டபோதும் கை பொருந்தாத திசையில் திருப்பி வைக்கப்பட்டபோதும் மயக்கம் உண்டாகவில்லை. உடல் என்பது புலன்கள் ஒத்துப்போகும் எந்த இடத்திலும் முளைத்துவிடக்கூடியதா, அல்லது உடல் எப்படி இருக்க வேண்டும் என்ற ஒரு முன்வரைவு முன்னதாகவே இருந்து எதை ஏற்பது, எதை மறுப்பது என்று தீர்மானிக்கிறதா என்ற கேள்வி இதிலிருந்து எழுகிறது. சான்றுகள் பெரும்பாலும் இரண்டாவதன் பக்கமே சாய்கின்றன.

இந்த ஆய்வுகளுக்கு வந்த மறுப்புகளும் கவனிக்கத்தக்கவை. கை நகர்ந்துவிட்டதாகக் காட்டும் அளவும், அது தன் கை என்று சொல்லும் உணர்வும் எப்போதும் சேர்ந்தே வருவதில்லை என்று 2011ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. பீட்டர் லஷ்ஷும் அவருடைய குழுவினரும் 2020இல், மனவசியக் கருத்தேற்றத்துக்கு எளிதில் ஆட்படும் இயல்புடையவர்களே ரப்பர் கை மயக்கத்தையும் வலுவாகத் தெரிவிக்கின்றனர் என்று கண்டு, ஆய்வாளர் எதிர்பார்ப்பதைத் தம்மை அறியாமலே அனுபவமாக்கிக்கொள்ளும் ஆற்றலுக்கும் இதில் பங்குண்டு என்று எச்சரித்தனர். இந்த எச்சரிக்கையால் மயக்கம் பொய்யாகிவிடாது. ஆனால் தூரிகை கொண்டு ஆட்டக்கூடிய அளவுக்குத் தன்னிலை மெலிந்தது என்று முடிவுகட்டுவோருக்கு இது ஒரு தடை. அதைவிடப் பெரிய தடை அனுபவத்துக்குள்ளேயே இருக்கிறது: ரப்பர் கை தன்னுடையதாகத் தோன்றிய எவருக்கும், அது தோன்றியது தமக்குத்தானா என்ற ஐயம் எழவில்லை.

ஒரு கையை விட்டு முழு உடலுக்கு வந்தாலும் நிலைமை இதுவே. 2007ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' இதழின் ஒரே வெளியீட்டில், பிக்னா லெங்கன்ஹாகரும் ஓலாஃப் பிளாங்கவும் அடங்கிய சுவிஸ் குழுவும், ஹென்ரிக் ஏர்சனும் தனித்தனியே இரண்டு ஆய்வுகளை வெளியிட்டனர். பின்னாலிருந்து படம்பிடிக்கப்படும் தம் உடலையே தலையில் அணிந்த திரைவழி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர்களின் முதுகை வருடியபோது, தாம் இருக்கும் இடமே நகர்ந்ததாக அவர்கள் உணர்ந்தனர். பின்னர் ஏர்சனின் ஸ்டாக்ஹோம் ஆய்வுக்கூடத்தில், சிறு பொம்மையின் உடலைத் தம் உடலாக உணரவைக்கப்பட்டவர்களுக்கு அறையிலுள்ள பொருள்கள் பெரியனவாகவும் தொலைவில் இருப்பனவாகவும் தெரிந்தன. தம் உடலையே அளவுகோலாகக் கொண்டுதான் மனிதர் உலகை அளக்கின்றனர் என்று மெர்லோ-போன்ட்டி 1945இல் 'புலனறிவின் தோற்றப்பாட்டியல்' நூலில் விரிவாக எழுதியதற்கு இதைவிட நேரடியான செயல்விளக்கம் கிடைப்பது அரிது.

ஆய்வுக்கூட மயக்கங்களைவிட நோயுற்றோரின் நிலையே இங்கு ஆழமாகப் பேசுகிறது. மூளையின் வலப்பாதியில் பக்கவாதம் தாக்கிய சிலர், அசையாமல் கிடக்கும் தம் இடக்கையைத் தம்முடையது அன்று என்று மறுப்பதோடு, அது மருத்துவருடையது, உறவினருடையது என்று பிறருக்கும் உரித்தாக்கிவிடுகின்றனர். ஜோசப் கெர்ஸ்ட்மன் 1942இல் பெயரிட்ட இந்நிலையில் இருப்போர் மற்ற விஷயங்களில் தெளிவாகப் பேசக்கூடியவர்கள். அந்தக் கை தம் தோளிலிருந்தே தொடங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்தும், பிறர் வாதங்களைக் கேட்டும் அவர்கள் உறுதி தளர்வதில்லை. நன்னூல் பிரிக்க இயலாதது என்று வகுத்த தற்கிழமை இங்கே பிரிந்துவிடுகிறது; உறுப்பு பிறிதின்கிழமையாக, அதுவும் பிறர் உடைமையாக மாறிவிடுகிறது.

காப்ரியெல்லா பொத்தினியும் உடனாய்வாளர்களும் 2002இல் விவரித்த ஒரு நோயாளியின் நிலை, இக்கட்டுரையின் வாதத்துக்கு மையமான சான்றைத் தருகிறது. அப்பெண் தம் இடக்கை தம் உறவினரான இளம்பெண்ணுடையது என்று நம்பினார். உங்கள் இடக்கையைத் தொடப்போகிறோம் என்று சொல்லித் தொட்டபோது அவருக்கு எதுவும் தெரியவில்லை. தொடுவுணர்வு அற்றுப்போனவர்களிடம் எதிர்பார்க்கத்தக்கதே அது. அந்த இளம்பெண்ணின் கையைத் தொடப்போகிறோம் என்று சொல்லிவிட்டு அதே கையைத் தொட்டபோதோ, பெரும்பாலான தடவைகளில் தொடுகை தெரிவதாகச் சொன்னார். தொடுகை மூளையை எட்டிக்கொண்டுதான் இருந்தது. தன் கையின் தொடுகை என்ற உருவில் நனவுக்குள் வர அதற்கு வழியில்லாமல் இருந்தது. பிறர் கையின் தொடுகை என்ற பெயரில் வந்தபோது வழி திறந்தது. பிறர் கை என்று அவர் நம்பிய கையில் நிகழ்ந்த தொடுகையை உணர்ந்தவர் அந்தப் பிறர் அல்லர், அவரேதான். 'என்' முற்றிலும் அழிந்த இடத்திலும் 'எனக்கு' அழியாமல் நின்றதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு மருத்துவ இலக்கியத்தில் வேறு உண்டா என்பது ஐயமே.

வினைமுதலுணர்வின் பொறியமைப்பு ஓரளவு நன்றாகவே அறியப்பட்டிருக்கிறது. 1950ஆம் ஆண்டில் எரிக் வான் ஹோல்ஸ்ட், ஹார்ஸ்ட் மிட்டல்ஷ்டேட் ஆகியோரும், தனியாக ரோஜர் ஸ்பெரியும், தசைக்குச் செல்லும் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு நகல் நரம்பு மண்டலத்துக்குள்ளேயே தங்கி, அந்த அசைவால் எத்தகைய உணர்வு விளையும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்கிறது என்ற கருத்தை முன்வைத்தனர். வரும் உணர்வு இந்த முன்கணிப்போடு ஒத்துப்போனால் அது தன் செயலின் விளைவு என்று தணிக்கப்படுகிறது. ஒத்துப்போகாவிட்டால் வெளியிலிருந்து வந்தது என்று மேலெழுகிறது. தனக்குத் தானே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததன் காரணம் இதுவே என்று சாரா-ஜேன் பிளேக்மோர், டேனியல் வோல்பர்ட், கிறிஸ் ஃப்ரித் ஆகியோர் 1998இல் காட்டினர். தன் கையின் அசைவை ஓர் இயந்திரக் கரம் வாங்கி, நொடியின் பத்தில் ஒரு பங்கோ இரண்டு பங்கோ தாமதித்து உள்ளங்கையைத் தடவுமாறு செய்தபோது, தாமதம் கூடக்கூடக் கூச்சமும் கூடியது. தம் செயல்களைப் பிறர் ஆட்டுவிப்பதாக உணரும் மனச்சிதைவு நோயாளிகள் சிலரிடம் இந்தத் தணிப்பு நடைபெறாததும் பின்னர் தெரியவந்தது. வேற்று எண்ணம் ஒன்று தம் மனத்துக்குள் புகுத்தப்படுவதாக அவர்கள் துயருறும்போதும், அந்த எண்ணத்தை எண்ணுபவர் வேறொருவர், ஆனால் அது வந்து விழுவது தம்மிடத்தில் என்பதே அந்தத் துயரத்தின் வடிவமாக இருக்கிறது. புகுதல் என்ற சொல்லுக்கே புகுந்த இடம் ஒன்று வேண்டும்.

உடலின் இடவுணர்வு முழுவதும் போய்விட்டால் என்ன எஞ்சும் என்ற கேள்விக்கு, ஆய்வுலகில் ஐ.டபிள்யூ. என்ற முதலெழுத்துகளால் அறியப்படும் ஆங்கிலேயரின் வாழ்க்கை விடை தருகிறது. 1971ஆம் ஆண்டில், 19 வயதில், ஒரு தொற்றைத் தொடர்ந்து அவருடைய உடலின் எதிர்ப்பாற்றல் கழுத்துக்குக் கீழேயுள்ள தடித்த உணர்வு நரம்பிழைகளை அழித்துவிட்டது. தசைகளை இயக்கும் நரம்புகள் பழுதுபடவில்லை. ஆனால் தொடுகையும், கை கால் எங்கே எந்த நிலையில் உள்ளன என்று சொல்லும் உறுப்பிட உணர்வும் அறவே போயின. நரம்பியல் மருத்துவர் ஜொனாதன் கோல் 1991இல் நூலாகவே எழுதிய இந்த வரலாற்றில், அவர் ஒவ்வோர் உறுப்பையும் கண்ணால் பார்த்து, ஒவ்வோர் அசைவையும் மனத்தால் திட்டமிட்டு, ஆண்டுக்கணக்கான முயற்சியால் மீண்டும் உட்காரவும் நிற்கவும் நடக்கவும் கற்றுக்கொண்டார். பிறருக்குக் கவனமே தேவைப்படாத நிற்றல் அவருக்கு இடையறாத வேலை. விளக்கு அணைந்தால் உடல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விழுந்துவிடும் நிலை அவருடையது. உடலைத் தானாக ஒழுங்குபடுத்தும் உடற்சட்டகம் என்ற அமைப்பை இழந்து, உடலைப் பற்றிய பார்வைப் படமான உடற்பிம்பத்தைக் கொண்டு அதை ஈடுசெய்தவர் அவர் என்று கேலகரும் கோலும் 1995இல் எழுதினர்.

இந்த வரலாற்றில் பலரும் வேகமாகக் கடந்துவிடும் ஒரு விவரம் உண்டு. ஐ.டபிள்யூ.வின் தடித்த நரம்பிழைகளே அழிந்தன. வலி, சூடு, குளிர் ஆகியவற்றைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகள் அவருக்கு எஞ்சியிருந்தன. கை எங்கே இருக்கிறது என்பது தெரியாது; அது சுட்டால் தெரியும். நரம்பியல் அறிஞர் ஏ. டி. கிரெய்க் 2002ஆம் ஆண்டில் எழுதிய செல்வாக்குமிக்க கட்டுரையில், இந்த மெல்லிய இழைகளின் பாதை தொடுகையின் பாதையோடு சேர்ந்தது அன்று என்றும், குடல், இதயம், நுரையீரல் ஆகியவற்றின் நிலையை அறியும் அகவுடல் உணர்வோடு சேர்ந்து மூளையின் இன்சுலா என்ற மடிப்பை அடைவது என்றும் வாதிட்டார். வலி, வெப்பம், குளிர், அரிப்பு, பசி, தாகம், மூச்சுத்திணறல் ஆகியவை அவர் ஒரே குடும்பமாகத் தொகுக்கும் உணர்வுகள். இவையெல்லாம் உடல் எந்த நிலையில் இருக்கிறது, அதைக் காக்க என்ன செய்தாக வேண்டும் என்பதைச் சொல்லும் செய்திகள். தமிழ் எந்த உணர்வுகளுக்கு 'எனக்கு' என்பதை இயல்பாக வேண்டி நிற்கிறதோ, அந்தப் பட்டியலோடு கிரெய்க்கின் பட்டியல் வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. பிடித்தலும் தெரிதலும் வேண்டுதலும்கூட நான்காம் வேற்றுமையையே கொள்வதால் இந்தப் பொருத்தத்தை மிகைப்படுத்தலாகாது என்றாலும், ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்லத்தக்கது: உலகை அறியும் உணர்வுகளைக் காட்டிலும், உயிர் பிழைத்திருப்பதோடு கட்டுண்ட உணர்வுகளில்தான் 'எனக்கு' என்பது மிகவும் அடர்த்தியாகத் திரண்டிருக்கிறது. தனக்கு ஏதேனும் நேர்ந்தால் அழிந்துபோகக்கூடிய ஓர் உடலுக்கே எதுவும் 'தனக்கு' நேர முடியும்.

இங்கேதான் சஹாவியின் விளக்கம் போதாமல் போகிறது. 'எனக்கு' என்பது எல்லா அனுபவத்துக்கும் பொதுவான வடிவம் என்று அவர் சொல்வது சரி. ஆனால் வடிவம் என்று மட்டும் சொன்னால், அது ஏன் சில அனுபவங்களில் இத்தனை கனமாகவும், சிலவற்றில் மெலிந்தும் இருக்கிறது என்பது விளங்காது. 1898இல் லுடோவிக் டுகாஸ் பெயரிட்ட ஆளுமைநீக்கம் என்ற நிலையில், புலன்கள் குறையின்றி இயங்கியும், தாம் தம் வாழ்விலிருந்தே விலகி நிற்பதாகவும், வலியும் மகிழ்ச்சியும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிகழ்வதாகவும் மக்கள் துன்புறுகின்றனர். அவர்களிடம் 'எனக்கு' அழியவில்லை, அதன் வெதுவெதுப்பு போய்விட்டிருக்கிறது. வில்லியம் ஜேம்ஸ் 1890இலேயே, தன் எண்ணங்களைத் தன்னவை என்று அறிவிப்பது அவற்றோடு வரும் உடலின் வெம்மையும் நெருக்கமுமே என்று எழுதியதை இங்கே நினைவுகூரலாம். கழுத்தில் தண்டுவடம் அறுந்தவர்களும் தம்மைத் தாமாக உணர்கின்றனரே என்று சிலர் உடல்வழி விளக்கத்தை மறுப்பதுண்டு; ஆனால் இதயத்திலிருந்தும் குடலிலிருந்தும் செய்தி கொண்டுவரும் வேகஸ் நரம்பு தண்டுவடத்தின் வழியாகச் செல்லாமல் நேரே மூளையை அடைவதால், அந்த மறுப்பு தோன்றும் அளவுக்கு வலுவானது அன்று.

அகவுடல் உணர்வு பற்றிய ஆய்வுகளும் குறையற்றவை அல்ல. இதயத் துடிப்பைத் துல்லியமாக எண்ணக்கூடியவர்கள் ரப்பர் கை மயக்கத்துக்கு எளிதில் ஆட்படுவதில்லை என்று 2011இல் சகிரிஸ் குழுவினர் கண்டது பெரும் நம்பிக்கையை விளைத்தது. பிந்தைய ஆய்வுகள் அந்தத் தொடர்பை உறுதிப்படுத்தவில்லை. எண்ணுபவர்கள் துடிப்பை உணராமல், தம் துடிப்பு வழக்கமாக எவ்வளவு இருக்கும் என்ற அறிவைக் கொண்டே எண்ணிவிட முடியும் என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. இதயத் துடிப்புக்கு ஏற்ப ஒளிரும் மெய்நிகர்க் கையைத் தம் கையாக உணர்வது மிகுகிறது என்று கெய்சுகே சுசுகி, அனில் சேத் ஆகியோர் 2013இல் காட்டியது இன்னும் உறுதியான வழி எனலாம். ஒரு துறை தன் அளவுகோல்களையே ஐயுற்றுத் திருத்திக்கொண்டிருக்கும் காலத்தில், அதன் பெரிய முடிவுகளைக் கடன் வாங்கி மெய்யியல் வீடு கட்டுவோர் பொறுமை காட்டுவது நல்லது.

மெல்லிய நரம்பிழைகளுள் ஒரு வகை, இந்தக் கதையை வேறொரு திசைக்குத் திருப்புகிறது. மயிருள்ள தோலில் இருக்கும் சி-தொடு இழைகள் எனப்படுபவை, நொடிக்கு ஏறத்தாழ 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் மெதுவாக வருடும்போதே நன்றாகத் துடிக்கின்றன. அவசரமாகத் தேய்த்தாலோ வெறுமனே அழுத்தினாலோ அவ்வளவாக எழுவதில்லை. ஐ.டபிள்யூ. போலவே தடித்த இழைகளை இழந்த ஒரு கனடியப் பெண்ணின் முன்கையை வருடியபோது, அவருக்கு மங்கலான ஓர் இனிமை தெரிந்ததையும், தொடுவுணர்வுப் புறணி அல்லாமல் இன்சுலாவே செயல்பட்டதையும் ஹாகன் ஒலாஸன் குழுவினர் 2002இல் கண்டனர். பெற்றோர் தம் குழந்தையை வருடும்போது எவரும் சொல்லிக்கொடுக்காமலே இந்த வேகத்தில்தான் வருடுகின்றனர். உயிர்களை அறிவின் படிநிலையால் வகுக்கும் தொல்காப்பிய மரபியல் தொடுவுணர்வை முதல் அறிவாக வைத்தது. கருவிலும் பிற புலன்களுக்கு முன்பாக எழுவது தொடுவுணர்வே. பிறந்து ஒரு நாளுக்குள்ளான குழந்தைகளை 1997இல் ஆராய்ந்த பிலிப் ரோஷாவும் சூசன் ஹெஸ்போஸும், பிறர் விரல் கன்னத்தில் பட்டால் பால் தேடி அப்பக்கம் திரும்பும் குழந்தைகள், தம் கையே கன்னத்தில் பட்டபோது அவ்வளவாகத் திரும்பவில்லை என்று கண்டனர். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு வேறுபாடு இருந்தது. தன் கை கன்னத்தைத் தொடும்போது கையும் கன்னமும் இரண்டுமே உணர்கின்றன. ஹுசர்ல் இரட்டை உணர்வு என்று அழைத்த இதுவே தன் உடலுக்கும் பிற பொருளுக்கும் உள்ள முதல் வேலி. ஆனால் அந்த வேலி தெரியவருவதற்கு மற்றொரு கை வேண்டியிருக்கிறது. தன்னந்தனியே முளைத்து, பின்னர் பிறரைச் சந்திக்க வெளியே வரும் ஒன்றாகக் குறைந்தபட்சத் தன்னிலையைக் கற்பனை செய்வது, குழந்தை எப்போதும் யாரோ ஒருவரின் கையில் இருந்தபடியே தன்னை அறிகிறது என்ற எளிய உண்மையைப் பார்க்கத் தவறுகிறது.

கையை மறுக்கும் பக்கவாத நோயாளிகளிடமும் இந்த உண்மை எதிரொலிக்கிறது. ஐகாடெரினி ஃபோட்டோபூலூவும் உடனாய்வாளர்களும் 2011இல், அத்தகைய நோயாளிகளின் இடக்கையை அவர்கள் முன்னால் நிறுத்திய கண்ணாடியில் காட்டியபோது, கண்ணாடியில் தெரியும் கை யாருடையது என்ற கேள்விக்குத் தம்முடையது என்று விடை வந்தது. பார்வையைத் தாழ்த்தி மடியில் கிடக்கும் அதே கையை நேரே பார்த்ததும் மறுப்பு திரும்பிவிட்டது. மறுபடி கண்ணாடியைப் பார்த்தால் கை மறுபடி அவர்களுடையதாயிற்று. பிறர் தம்மைப் பார்க்கும் கோணத்தில் ஒப்புக்கொள்ள முடிந்ததைத் தம் கோணத்திலிருந்து ஒப்புக்கொள்ள அவர்களால் முடியவில்லை. கண்ணாடியை எடுத்துவிட்டால் பயன் நிலைக்கவும் இல்லை. அதன்பின் 2020இல் இதே ஆய்வு வட்டம், வலப்பாதி மூளையில் பக்கவாதம் கண்டவர்களின் கைவிடப்பட்ட கையை வேறொருவர் மென்மையாக, சி-தொடு இழைகளுக்கு உகந்த அந்த மெதுவான வேகத்தில் வருடிப் பார்த்தது. வேகமாக வருடியபோது கிடைக்காத ஒரு மாற்றம் மெதுவாக வருடியபோது கிடைத்தது: அந்தக் கை தம்முடையது என்ற உணர்வு, முழுமையாக இல்லாவிட்டாலும், அவர்களிடம் கூடியிருந்தது.